திங்களன்று திங்களில்: 1969 ஜூலை 21 காலை தர்மபுரியில் பிரிந்த முதல் பக்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

1969 ஜூலை 21, திங்கட்கிழமை. காலை 6 மணிக்குத் தர்மபுரி பஸ் நிலையத்தில் சென்னைப் பத்திரிகைக் கட்டு பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: 'சந்திரனில் இன்று இறங்குவர்'. அந்த நேரத்தில் அப்போலோ 11 வீரர்கள் இறங்கி நாலேகால் மணி நேரம் ஆகிவிட்டது. ரேடியோப் பெட்டி உள்ள டீக்கடைக்காரருக்கு விஷயம் தெரியும். பத்திரிகை வாங்கியவருக்குத்தான் தெரியாது.

பழைய தலைப்புகளைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், எழுதியவர் அசடு என்று நினைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பெரும்பாலும் அது தவறு. தலைப்பைக் கோமாளியாக்குவது கடிகாரமும் ஈய எழுத்தின் அகலமும்தான். அந்தத் திங்கட்கிழமையை எடுத்துக்கொண்டால் இரண்டும் எப்படி வேலை செய்தன என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கீழே ஒற்றை மேற்கோள் குறிக்குள் வரும் தமிழ்த் தலைப்புகள் அப்படிக் கணக்குப் போட்டுக் கட்டிப் பார்த்தவை. எந்தப் பத்திரிகையிலிருந்தும் எடுத்தவை அல்ல.

பின்னோக்கிப் போகும் கடிகாரம்

சென்னையிலிருந்து தர்மபுரி சாலை வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர். அந்தக் காலச் சாலையில், அந்தக் கால வேனில், வழியில் ஊர் ஊராகக் கட்டு இறக்கிக்கொண்டு வந்தால் 7 மணி நேரம் என்று வைப்பது நியாயம். ரயிலில் வந்தாலும் பெரிய லாபமில்லை. மெயின் லைன் மொரப்பூரோடு சரி. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஓடிய குட்டி ரயிலின் தண்டவாளத்தை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே பெயர்த்துவிட்டார்கள், அதற்குமேல் பஸ்தான்.

6 மணிக்குக் கட்டு பிரியவேண்டும் என்றால் வண்டி இரவு 11 மணிக்குக் கிளம்ப வேண்டும். அச்சடித்து, எண்ணி, ஊர்ச்சீட்டு ஒட்டிக் கட்ட ஒரு மணி நேரம். அப்படியானால் இயந்திரம் 10 மணிக்கு ஓட வேண்டும். அதற்கு முன் எழுத்துக் கோத்து, புரூஃப் எடுத்து, திருத்தி, பக்கத்தைச் சட்டத்தில் இறுக்கிப் பூட்ட ஒன்றரை மணி நேரம். ஆக, தர்மபுரி வாசகரின் முதல் பக்கத் தலைப்பு முந்தைய இரவு எட்டரை மணிக்கு முடிவாகிவிடுகிறது. இதற்குத்தான் டாக் எடிஷன், வெளியூர்ப் பதிப்பு என்று பெயர். சென்னைக்காரருக்கு வரும் நகரப் பதிப்பு இன்னும் ஐந்தாறு மணி நேரம் விழித்திருக்கும்.

இப்போது ஆகாயத்துக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எல்லாம் இந்திய நேரம். ஜூலை 20 இரவு 11.14க்குத்தான் ஈகிள் என்ற இறங்குகலம் தாய்க்கலத்தை விட்டுப் பிரிந்தது. இறங்கியது 21ஆம் தேதி அதிகாலை 1.47. ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தது காலை 8.26. இருவரும் கலத்துக்குள் திரும்பிக் கதவைச் சாத்தியது 10.41. தர்மபுரிப் பக்கம் பூட்டப்பட்ட நேரத்தில் ஈகிள் இன்னும் தாய்க்கலத்தோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஒட்டிக்கொண்டிருப்பதைப் பற்றி, இறங்கி முடித்தபின் படிக்கப்போகிறவருக்கு எழுத வேண்டும். எந்தக் காலத்தில் எழுதுவது?

காலம் காட்டாத தலைப்பு

'இறங்குவர்' என்றால், படிக்கும்போது பழசு. 'இறங்கினர்' என்றால், அச்சடிக்கும்போது பொய். ஏதாவது ஆகிவிட்டால் ஆயுளுக்கும் அவமானம். இந்தப் பள்ளத்தில் விழுந்ததற்குப் பெயர்போன உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1948 நவம்பர் 3ஆம் தேதி சிகாகோ டெய்லி ட்ரிபியூன், ஜனாதிபதித் தேர்தலில் ட்ரூமனை டியூயி தோற்கடித்தார் என்று முதல் பக்கத்தில் போட்டது. ஜெயித்தது ட்ரூமன். அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் வழக்கத்தைவிடச் சில மணி நேரம் முன்னதாகவே பக்கத்தை முடிக்க வேண்டிய கட்டாயம் அந்தப் பத்திரிகைக்கு. எண்ணிக்கை முழுதாக வரும்வரை காத்திருக்க நேரமில்லை. மறுநாள் ட்ரூமன் ரயில் நிலையத்தில் அந்தப் பேப்பரை உயர்த்திப் பிடித்துச் சிரித்த படம்தான் இன்றுவரை எல்லோருக்கும் தெரிந்தது. அங்கேயும் குற்றவாளி கடிகாரம்தான்.

தமிழில் தப்பிக்க ஒரு வழி உண்டு. வினைச்சொல்லே இல்லாமல் எழுதிவிடுவது. 'சந்திரனில் மனிதன்'. நேற்றா, இன்றா, நாளையா என்று கேட்டால் தலைப்பு வாய் திறக்காது. இரவு எட்டரைக்கும் செல்லும், காலை எட்டரைக்கும் செல்லும். ஆங்கிலத்தில் இதே வித்தையை வேறு மாதிரி செய்கிறார்கள்: நடந்து முடிந்ததையும் நிகழ்காலத்தில் எழுதுவார்கள். அன்றைய நியூயார்க் டைம்ஸ் தலைப்பே 'மனிதர்கள் சந்திரனில் நடக்கிறார்கள்' என்ற மாதிரிதான். தமிழில் 'நடக்கிறார்கள்' என்று போட்டால், வாசகர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். எட்டிப் பார்த்தாலும் பயனில்லை. அன்று வளர்பிறை, அமாவாசை கழிந்து ஒரு வாரம். முதல் நாள் மேலே வந்த நிலா நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிட்டது; மறுபடி எழுந்தது முற்பகலில். ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்த 8.26க்குத் தர்மபுரி வானத்தில் நிலாவே கிடையாது.

வினையில்லாத தலைப்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது ரொம்பவே உத்தமம். விபத்திலும் உண்மையாகவே இருக்கும். ரஷ்யாவின் லூனா 15, அப்போலோவுக்கு மூன்று நாள் முன்பாகக் கிளம்பி அதே சமயத்தில் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தது. எதற்குப் போகிறது என்று மாஸ்கோ சொல்லவில்லை. ஆகவே 'லூனா மர்மம்' என்று எழுதலாம். ஒன்றும் தெரியாதபோது கை கொடுக்கும் சொல் மர்மம். 21ஆம் தேதி இரவு 9.20க்கு லூனா 15 சந்திரனில் மோதி நொறுங்கியது. 'சந்திரனில் லூனா' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தால் திருத்தம் தேவைப்பட்டிருக்காது.

14 எழுத்துக்குள் உலகம்

அடுத்த வில்லன் அகலம். பெரிய தாளில் மேலிருந்து கீழாக 8 பத்தி. அச்சுக்கூட அளவில் ஒரு பத்தியின் அகலம் சுமார் 11 பைக்கா. ஒரு பைக்காவுக்கு 12 பாயிண்ட். எட்டுப் பத்தியையும் அடைத்துக்கொண்டு ஓடும் பேனர் தலைப்புக்குக் கிடைப்பது 88 பைக்கா, அதாவது 1,056 பாயிண்ட். 72 பாயிண்ட் எழுத்தில், எழுத்தின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று என்று கொண்டால் 14 எழுத்து; இடைவெளியும் அதில் அடக்கம். 'சந்திரனில் மனிதன்' பத்தே எழுத்து, சௌகரியமாக உட்காரும். 'சந்திரனில் இன்று இறங்குவர்' 15 எழுத்து, இரண்டு இடைவெளி. உட்காராது. 60 பாயிண்டுக்கு இறங்க வேண்டும். விண்வெளி வீரர்களுக்கு முன்னால் தலைப்பு இறங்கிவிடும்.

எழுத்தை எண்ணுவதும் அச்சை எண்ணுவதும் ஒன்றல்ல. கையால் கோக்கும்போது 'கொ' ஒரு எழுத்து. பெட்டியிலிருந்து எடுப்பது மூன்று அச்சு: கொம்பு, க, கால். 'கொடி' என்று எழுதினால் இரண்டு எழுத்து, நாலு அச்சு. 'கி', 'கு' எல்லாம் ஒரே அச்சு. ஆகவே தலைப்பு எழுதுகிறவர் கொம்புள்ள சொல்லைக் கண்டால் ஒதுங்கிப் போவார். மாட்டைக் கண்டு ஒதுங்குவது மாதிரி. ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பெயர் ஏழு எழுத்து, எட்டு அச்சு, போதாக்குறைக்கு நடுவில் ஒரு ஸ். பேனரில் பாதியை அவர் ஒருவரே தின்றுவிடுவார். முதலில் கால் வைத்தவர் பெயர் தலைப்பில் வராமல் 'மனிதன்' வந்தால், அதில் தத்துவமும் உண்டு, சிக்கனமும் உண்டு. 'சந்திரனில்' ஆறு எழுத்து, 'நிலவில்' நாலு. 'நிலவில் மனிதன்' என்றால் எழுத்தை இன்னும் பெரிசாக்கலாம்.

தவறிய ஒரு தலைப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் அப்போது ஞாயிற்றுக்கிழமை இரவு. இந்தியாவில் திங்கட்கிழமை. திங்கள் என்றால் கிழமை, மாதம், நிலா மூன்றும்தான். 'திங்களன்று திங்களில்': 11 எழுத்து, கொம்பு கிடையாது, கால் கிடையாது, வினையும் கிடையாது, 72 பாயிண்டில் அட்டகாசமாக உட்காரும். தமிழனுக்கென்றே வாய்த்த தலைப்பு அது. அதிலும் ஆடி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆடியில் வீடு மாற்றக் கூடாது என்று இருக்கும் ஊரில், நிலாவுக்கே குடிபோன செய்தி வேறு.

ஒரு பேனருக்கு மூன்று சண்டை

நிலா மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த வார இறுதியில் டில்லியும் சும்மா இருக்கவில்லை. 19ஆம் தேதி சனிக்கிழமை இரவு 8.30க்கு இந்திரா காந்தி வானொலியில் பேசினார்: 14 பெரிய பாங்குகள் நாட்டுடைமை. எட்டரை! டாக் எடிஷன் தலைப்பு முடிவாகும் அதே நேரம். ஆகவே பாங்குச் செய்தி வெளியூர்ப் பதிப்பின் ஞாயிறு பேப்பரில் அரைகுறையாகத்தான் நுழைய முடியும். விவரமெல்லாம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும். 20ஆம் தேதி ஞாயிறன்று, ஜாகிர் உசேன் மறைவுக்குப் பின் ஜனாதிபதி பொறுப்பைப் பார்த்துவந்த வி.வி.கிரி பதவி விலகினார். ஜனாதிபதித் தேர்தலில் நிற்பதற்காக. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி இதாயத்துல்லா அந்தப் பொறுப்பை ஏற்றார். ஆக, திங்கட்கிழமை முதல் பக்கத்துக்கு முந்தாநாள் நடந்தது ஒன்று, நேற்று நடந்தது ஒன்று, இன்னும் நடக்காதது ஒன்று. நடக்காததுதான் பேனரைப் பிடிக்கும். பத்திரிகைத் தொழிலின் இயல்பு அது.

'கிரி ராஜினாமா' ஆறே எழுத்து. ஒரே பத்தியில் இரண்டு வரியாக 24 பாயிண்டில் அடக்கலாம். அந்தக் காலத்து வளைந்த 'னா' ஒரே அச்சு என்பதால் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம். (அந்த வளைந்த னா, ணா, றாவையும் தும்பிக்கை வைத்த லை, ளையையும் 1978இல் அரசு மாற்றியது. பெரியாரின் விடுதலை பத்திரிகை 1935 முதலே புது வடிவத்தில் வந்துகொண்டிருந்தது.) ஆனால் இந்தத் தலைப்பைக் கிருஷ்ணகிரியில் ஒருவர் படித்தால், ஊர்ப் பெயரில் பாதி ராஜினாமா செய்துவிட்ட மாதிரி இருக்கும். தர்மபுரிக்கு அந்தக் கவலையில்லை. அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான். அது தனி மாவட்டமாக 2004 பிப்ரவரி 9 வரை காத்திருந்தது. ராஜினாமா செய்த கிரியோ ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 24 அன்று, முழு ஜனாதிபதியாகத் திரும்பி வந்தார்.

பாங்குச் செய்தியில் வேறு சிக்கல். அன்று வங்கி என்ற சொல் பரவிக்கொண்டிருந்தாலும் பாங்கு, பாங்கி இரண்டும் புழக்கத்தில் இருந்தன. பாங்கு என்றால் நேர்த்தி என்றும் பொருள். பாங்கி என்றால் அகப்பொருள் இலக்கணத்தில் தலைவியின் தோழி. '14 பாங்கிகள் நாட்டுடைமை' என்று கோத்தால், அச்சுப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பதினாலு தோழிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதாகத் தமிழ் வாத்தியார் படிப்பார். அந்தப் பதினாலில் இந்தியன் பாங்க், இந்தியன் ஓவர்சீஸ் பாங்க் இரண்டும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. எதிர்த்த கட்சிகளில் ஒன்று சுதந்திரா. அதைத் தொடங்கிய ராஜாஜி பிறந்தது ஓசூர் பக்கம் தொரப்பள்ளி. உள்ளூர்ச் செய்தியாக்க வேண்டுமானால் நூல் அங்கே இருக்கிறது.

கழுகா, கருடனா

பி.டி.ஐ., யு.என்.ஐ. ஆகிய செய்தி நிறுவனங்களின் டெலிபிரிண்டரில் வந்தது ஆங்கிலம். ஆங்கிலப் பத்திரிகை வெட்டி ஒட்டி அனுப்பிவிடும். தமிழ் உதவி ஆசிரியர் அதைத் தமிழாக்கி எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் கைக்குப் போகும். அந்த அவசரத்தில் பெயர்களையும் மொழிபெயர்ப்பதா என்று யோசிக்க நேரமிருக்காது.

கலத்தின் பெயர் ஈகிள். அகராதிப்படி கழுகு. 'கழுகு இறங்கியது' என்று போட்டால், பென்னாகரம் பக்கத்து மாடு மேய்க்கிறவர் தன் மாட்டை எண்ணிப் பார்ப்பார். நம் ஊரில் கழுகு இறங்கினால் கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். கருடன் என்று போட்டால் எல்லாம் தலைகீழ்: கும்பாபிஷேகத்தில் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பறவைக் குடும்பம் பக்கத்துப் பக்கம்தான். சகுனம் எதிர் எதிர். 'ஈகிள்' என்றே விட்டுவிடுவது உத்தமம், மூன்று எழுத்து.

இறங்கிய இடத்துக்குப் பெயர் அமைதிக் கடல். பெயர்தான் கடல், சொட்டுத் தண்ணீர் கிடையாது. வற்றிப்போனாலும் ஏரி என்றே அழைத்துப் பழகிய மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியும், விளக்க வேண்டியதில்லை.

நேரக் கணக்கில்தான் நிஜமான பிழைகள் முளைக்கும். அமெரிக்காவில் அது கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கும் கோடை நேரம். நியூயார்க் நேரத்தோடு ஒன்பதரை மணி கூட்டினால் இந்திய நேரம். ஆனால் செய்தி ஹூஸ்டனிலிருந்து வருகிறது. அங்கே ஒரு மணி பின்னால், பத்தரை கூட்ட வேண்டும். ஹூஸ்டன் நேரத்தில் வந்ததற்கு ஒன்பதரை கூட்டினால் 8.26 என்பது 7.26 ஆகிவிடும். கூடவே தேதியும் மாறும்: அவர்களுக்கு 20, நமக்கு 21. ஒரே பக்கத்தில் ஒரு செய்தி 'நேற்று' என்றும் பக்கத்துச் செய்தி 'இன்று' என்றும் சொல்லி, இரண்டும் ஒரே சம்பவமாக இருப்பது இப்படித்தான். 'இன்று' என்பது எழுதுகிறவரின் இன்று அல்ல, படிக்கிறவரின் இன்று. இதை மறந்தால் தலைப்பு ஒரு நாள் தவறிவிடும்.

கணக்கைச் சரியாகப் போட்டவரும் அன்று தப்பவில்லை. திட்டப்படி இறங்கியதும் வீரர்கள் தூங்க வேண்டும். நடை நம் நேரம் பதினொன்றரைக்குமேல்தான். அப்படித்தான் அட்டவணை. அவர்கள் தூக்கம் வராது என்று மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். தேன்கனிக்கோட்டைக்குப் பத்து மணி பஸ்ஸில் போய்ச் சேர்ந்த பேப்பரில் அட்டவணையைப் பார்த்து, பதினொன்றரைக்கு ரேடியோவைத் திருகியவருக்குக் கிடைத்தது, அவர்கள் வேலையை முடித்துக் கதவைச் சாத்தி முக்கால் மணி நேரம் ஆன செய்தி. டி.வி. அன்று டில்லியில் மட்டும். சென்னைக்கு வந்ததே 1975இல்.

இதில் ஓசூர் மட்டும் விதிவிலக்காக இருக்க வாய்ப்புண்டு. பெங்களூர் 40 கிலோமீட்டர். அதிகாலை நாலரை மணிக்கு அங்கே கிளம்பும் பேப்பர் ஐந்தரைக்குள் ஓசூரில். 1.47 செய்தி அதில் ஏறிவிடும். ஒரே மாவட்டத்தில் ஓசூரில் இறங்கியாகிவிட்டது, அரூரில் இனிமேல்தான் இறங்க வேண்டும்.

இரண்டு அச்சு மாற்றம்

சென்னை நகரப் பதிப்பில் 1.47க்குப் பிறகு நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் தமிழின் சௌகரியம் தெரியும். 'இறங்குவர்' ஆறு அச்சு: இ, ற, ங், கு, வ, ர். 'இறங்கினர்' ஆறு அச்சு: இ, ற, ங், கி, ன, ர். நடுவில் இரண்டு மட்டும் வேறு. பூட்டைத் தளர்த்தி, 'கு', 'வ' இரண்டையும் இடுக்கியால் எடுத்து, 'கி', 'ன' வைத்து, இறுக்க வேண்டியதுதான். 'வ'வைவிட 'ன' சற்று அகலம். மெல்லிய ஈயத்தகடு ஒன்றை உருவினால் சரியாகிவிடும். கூடவே 'இன்று'வையும் உருவிவிட வேண்டும். அதை மறந்தால் வேறு வேடிக்கை. உருளை இயந்திரத்துக்கு வளைந்த தகடு வார்த்தாகிவிட்டது என்றால், அந்த இரண்டு எழுத்துக்காகப் பக்கம் முழுவதையும் மறுபடி வார்க்க வேண்டும். எதிர்காலம் இறந்தகாலமாக ஒரு தகடு ஈயம் செலவு.

திருத்தம் என்று வந்தால் நியூயார்க் டைம்ஸை மிஞ்ச முடியாது. காற்றில்லாத வெளியில் ராக்கெட் எப்படிப் போகும், பள்ளிக்கூடப் பாடமே தெரியவில்லையே என்று ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டை 1920 ஜனவரி 13 தலையங்கத்தில் கிண்டலடித்தது அந்தப் பத்திரிகை. அப்போலோ கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, வெற்றிடத்திலும் ராக்கெட் இயங்கும் என்பது இப்போது உறுதியாகிவிட்டது, பிழைக்கு வருந்துகிறோம் என்று திருத்தம் வெளியிட்டது. 49 வருடம். கோடார்ட் 1945இலேயே காலமாகிவிட்டார்.

கடிகாரச் சிக்கல் ஈய எழுத்தோடு போகவில்லை என்பதற்கும் ஒரு இரவு இருக்கிறது. 2019 செப்டம்பர் 7, சந்திரயான் 2. விக்ரம் என்ற இறங்குகலம் சந்திரனில் இறங்க வேண்டிய நேரம் அதிகாலை 1.53 வாக்கில்; அப்போலோவுக்கு ஆறே நிமிடம் பின்னால். 2.1 கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பு அறுந்தது. கம்ப்யூட்டரில் பக்கம் கட்டினாலும் வெளியூர் வண்டி கிளம்ப ஒரு நேரம் உண்டு. முந்திய பதிப்பில் இறந்தகாலம் போட்டவர் மாட்டிக்கொள்வார். சந்திரயான் 3 இந்த விஷயத்தில் பத்திரிகைக்காரர்களுக்குப் பரோபகாரம் செய்தது: 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. டாக் எடிஷனுக்கே நேரம் மிச்சம்.

பழைய பக்கத்தைத் தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. சென்னை கன்னிமாரா போன்ற நூலகங்களில் கேட்கும்போது 21ஆம் தேதியை மட்டும் கேட்டால் போதாது. 20 முதல் 25 வரை கேட்க வேண்டும். கையில் கிடைப்பது எந்த ஊருக்கான பதிப்பு என்று முதலில் பார்க்கவும். நகரப் பதிப்பை வைத்துக்கொண்டு தர்மபுரிக்காரர் என்ன படித்தார் என்று சொல்ல முடியாது. மடிப்பு விழுந்த இடத்தில் பழைய செய்தித்தாள் பொடியாக உதிரும். தலைப்பு பெரும்பாலும் மேல் மடிப்புக்கு மேலே இருப்பதால் பிழைத்துக்கொள்ளும்.

25 வரை ஏன் என்றால், டாக் எடிஷனின் சோதனை ஒரு நாளோடு முடியவில்லை. 21ஆம் தேதி இரவு எட்டரைக்கு 22ஆம் தேதித் தலைப்பை முடிவு செய்யும்போது வீரர்கள் சந்திரனில் இருந்தார்கள். 'சந்திரனில் இருக்கின்றனர்' என்று நம்பிப் போடலாம். இரவு 11.24க்கு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை, கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை என்று தர்மபுரிக் கட்டு ஒவ்வொரு முறையும் ஒரு பஸ் தவறவிட்டது. பூமிக்குத் திரும்பிக் கடலில் விழுந்ததாவது பகலில் நடந்ததா என்றால், 24ஆம் தேதி இரவு 10.20. தலைப்பு முடிவாகிக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழித்து.

விழுந்த இடம் பசிபிக். அந்தப் பெயருக்கும் அமைதி என்றுதான் பொருள். அமைதிப் பெருங்கடல் என்று தமிழில் எழுதுவதும் உண்டு. ஆகவே 21ஆம் தேதிக்கு 'அமைதிக் கடலில் இறங்குவர்' என்று கோத்த கம்பாசிட்டர், எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் போடாமல் பலகையோடு ஓரமாக வைத்திருந்தால், 25ஆம் தேதி தர்மபுரிக் கட்டுக்கும் அதையே எடுத்துப் பூட்டலாம். ஒரு அச்சுக்கூட மாற்ற வேண்டாம்.